கீழ்மடையின் அந்தரங்கத் திறவுகோல்

புதுச்சேரி மாநிலம், பாகூர் கொம்யூன், மணலேரிப்பட்டு கிராமத்தில், சென்ற கார்த்திகை மாதம் பதினேழாம் நாள், காலை ஒன்பது பத்துக்கு மேல் பத்து இருபதுக்குள், இந்தியத் துணைக்கண்டத்தின் வேறெந்த ஏரிக்கும் கிட்டாத பேறு எங்கள் ஏரிக்குக் கிட்டியது. அதன் கீழ்மடைக்கு அந்தரங்கத் திறவுகோல் 'உற்பத்தி' செய்யப்பட்டது. அந்த நிகழ்ச்சியில் நான் வெறும் பார்வையாளன் அல்லன். கீழ்மடைப் பாசன சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் தீர்மானப் புத்தகம் என் கையில் இருந்தது. மஞ்சள் கிண்ணமும் என் கையில்தான் இருந்தது. மஞ்சளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் மடை. போன ஆண்டுவரை அது ஒரு சாதாரண மடை. இரும்புக் கதவு ஒன்று, அதைத் தூக்கச் சுற்றும் கைப்பிடி ஒன்று. தண்ணீர் வேண்டியவர் போய்ச் சுற்றுவார், தண்ணீர் வரும். இவ்வளவு பிற்போக்கான ஏற்பாட்டை வைத்துக்கொண்டு எங்கள் ஊரில் எப்படித்தான் நெல் விளைந்ததோ, ஆராய்ச்சிக்குரிய விஷயம். மேலிடம் மனமிரங்கி எங்களைத் 'திறன்மிகு மடை'த் திட்டத்தில் சேர்த்தது. மோட்டார் வைத்த கதவு வந்தது. கரைமேல் ஒரு சாம்பல் நிறப் பெட்டி வந்தது. சங்கத்துக்கு ஒரு லேப்டாப் வந்தது. லேப்டாப்பில் கட்டளையைத் தட்டினால் பெட்டி கதவைத் தூக்கும். ஆனால் யார் தட்டினாலும் தூக்காது. உரிய திறவுகோலைக் காட்டுகிறவருக்குத்தான் கீழ்ப்படியும்.

அந்தத் திறவுகோலை உண்டாக்கித் தரக் கதவு மாட்டிய கம்பெனியிலிருந்து ஓர் இன்ஜினீயர் வந்தார். பெயர் வினோதினி. ஒதியம்பட்டுக்காரர். ஸ்கூட்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, "ஒரு நிமிஷ வேலை சார், முடிச்சிட்டுக் கெளம்பிடறேன்" என்றார்.

எங்கள் தலைவர் தெய்வசிகாமணிக்கு முகம் கறுத்துவிட்டது. பாகூர் சாலையில் கல்யாண மண்டபம் நடத்துகிறவர் அவர். எதையும் ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டுப் போவதை அவர் அனுமதிப்பதில்லை.

"இன்னாம்மா இது? ஏரிச் சாவி பண்றதுன்னா வெளையாட்டா? நாள் பாக்க வாணாமா? பொதுக்குழுவ கூட்ட வாணாமா?"

வினோதினி ஸ்கூட்டியை உதைத்துக்கொண்டு திரும்பிப் போனார். பதினேழாம் நாள் மீண்டும் வந்தபோது, தலைவரின் மண்டபத்தில் அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் வாழைமரம். மேடையில், மணமக்கள் அமரும் சிவப்பு நாற்காலிகள் இரண்டில் ஒன்றில் தலைவர், மற்றொன்றில் லேப்டாப். லேப்டாப்புக்கு மாலை போட்டிருந்தது.

மேடையில் இன்னும் இருவர் இருந்தோம். துணைத் தலைவர் ஆதிமூலம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து அந்த நாட்டுப் பென்ஷன் வாங்குகிறவர். எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்டவரைச் 'சொல்தா' என்போம். அடுத்தவன் நான், நவநீதன். பாகூரில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறேன்.

வினோதினி மைக்கில் விளக்கினார்: "இந்த டூல்ல ஒரே ஒரு வரி அடிச்சா ரெண்டு ஃபைல் வரும். ஒண்ணு பூட்டு மாதிரி. அத்த பெட்டிக்குள்ள போட்டுடுவேன், அத்த யாரு பாத்தாலும் பரவால்ல. இன்னொண்ணு சாவி. அது ஒங்ககிட்டயே இருக்கும். அத்த யாருகிட்டயும் குடுக்கக் கூடாது, காட்டக் கூடாது. அவ்ளோதான்."

"ஒரு நிமிஷம்" என்றார் தலைவர். "இதுல சைசு உண்டா?"

"உண்டு சார். புது வகை ஒண்ணு இருக்கு. ஏழு வரிதான் வரும், ரொம்பப் பத்திரமானது."

"ஏழு வரியா? எங்க மண்டபத்துல அச்சடிக்கிற தாம்பூலப் பையிலயே ஒம்போது வரி கீது. பக்கத்து ஊரு மடைக்கு இன்னா போட்ட?"

"அவங்க பழைய வகையே கேட்டாங்க. நாலாயிரத்து தொண்ணூத்தாறு பிட்."

"நம்புளுக்கு அதுக்கு மேல."

"எட்டாயிரம் போட்டாலே அதிகம் சார்."

"கடைசியா எத்தினி வரைக்கும் போவும்?"

"பதினாறாயிரத்து முந்நூத்து எம்பத்திநாலு. அதுக்கு மேல டூலே ஒத்துக்காது. ஆனா சார், அது தேவையே—"

"போடு."

கூட்டம் கைதட்டியது. பிட் என்றால் என்னவென்று எவருக்கும் தெரியாது. ஆனால் பக்கத்து ஊரை நான்கு மடங்கு வென்றுவிட்டோம் என்பது எல்லோருக்கும் புரிந்தது.

'எஸ்எஸ்எச் கீஜென்' என்று தொடங்கும் அந்த ஒற்றை வரியை வினோதினி தட்டினார். தலைவர் தம் சுட்டுவிரலால் 'என்டர்' விசையை அழுத்தித் தொடங்கிவைத்தார். புகைப்படம் எடுக்கப்பட்டது. பிறகு ஒன்றும் நடக்கவில்லை. திரை கறுப்பாகவே இருந்தது. ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. லேப்டாப் மூச்சு வாங்கும் ஓசை முதல் வரிசைவரை கேட்டது. தலைவர் கைக்குட்டையால் அதற்கு விசிறினார்.

"உள்ள இன்னாம்மா பண்ணுது?"

"ரெண்டு பெரிய எண் தேடுது சார். பகா எண்ணு. ஒண்ணு கெடைச்சிருக்கும், ரெண்டாவது தேடிக்கினு இருக்கும்."

"பொருத்தம் பாக்குதுன்னு சொல்லு."

"அப்படியும் வெச்சுக்கலாம். ரெண்டையும் பெருக்கிட்டா அப்புறம் யாராலயும் பிரிக்க முடியாது."

மண்டப உரிமையாளருக்கு இதைவிடத் தெளிவாக எதைச் சொல்ல முடியும்? அவர் கையைத் தூக்கினார். நாதஸ்வரக்காரர் கெட்டிமேளம் வாசித்தார். முன்வரிசைப் பெண்கள் பழக்க தோஷத்தில் லேப்டாப்பின்மேல் அட்சதை போட்டார்கள். இருபத்திரண்டாம் நிமிடத்தில் திரையில் எழுத்து வந்தது. விசைப்பலகைக்குள் போன அரிசியை எடுக்க மேலும் எட்டு நிமிடம் ஆயிற்று.

"இப்ப ஒரு ரகசியச் சொல்லு குடுக்கணும்" என்றார் வினோதினி. "யாராவது ஒருத்தர் மட்டும் வந்து அடிங்க. மத்தவங்க திரும்பிக்குங்க."

"அந்தப் பேச்சே கூடாது" என்று தலைவர் மைக்கைப் பிடித்தார். "பொதுக்குழுவுக்கு மறைச்சி ஒரு காரியம் செஞ்சது கெடையாது நம்ப சங்கம்." ஆகவே ரகசியச் சொல் ஜனநாயக முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்டது. தலைவரின் பெயரும் அவரது கார் நம்பரும் சேர்ந்து இருக்கலாம் என்று தலைவர் முன்மொழிந்தார். சொல்தா வழிமொழிந்தார். குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. விதிப்படி நான் அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, ஏழு நாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். வினோதினி நெற்றியைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் சிவப்பு நாற்காலியின் கைப்பிடியில் சாய்ந்திருந்தார். காலையில் சாப்பிடாமல் வந்திருப்பார் என்று நினைத்தோம்.

ரகசியச் சொல்லைத் தலைவரே அடித்தார். அடிக்க அடிக்கத் திரையில் ஒன்றும் தெரியவில்லை.

"கீபோர்டு பூடுச்சி. அரிசி உள்ள பூந்துகிச்சி."

"இல்ல சார், அது தெரியாது. ரகசியமாச்சே."

"என் பேரு எனக்கே தெரியக் கூடாதா?"

நான்காம் முயற்சியில் அது ஏற்றுக்கொண்டது. உடனே திரையில் ஒரு கட்டம் தோன்றியது. கட்டத்துக்குள் புள்ளியும் கூட்டல் குறியும் நட்சத்திரமும் எழுத்துமாக ஏதோ ஒரு கோலம். திறவுகோலைக் கண்ணால் பார்த்து அடையாளம் வைத்துக்கொள்ள அந்த டூல் போடும் படம் அது என்று வினோதினி சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சொல்தா எழுந்து நின்று கைகூப்பிவிட்டார்.

"புள்ளையாரு!"

பார்த்தோம். பிள்ளையார்தான். வலப்பக்கம் காது, நடுவில் தொந்தி, கீழே நட்சத்திரக் குறிகளால் ஆன தும்பிக்கை. வலம்புரியா, இடம்புரியா என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு எழுந்தது. சூடம் கொளுத்தி லேப்டாப்புக்குக் காட்டப்பட்டது. "திரைக்குக் கிட்ட காட்டாதீங்க, உருகிடும்" என்ற வினோதினியின் வேண்டுகோள் மணியோசையில் அமுங்கிவிட்டது.

இனிதான் எங்கள் சங்கத்தின் தனி மேதைமை வெளிப்பட்ட கட்டம். வாசகர் நிமிர்ந்து உட்காரலாம்.

"சாவி யாருகிட்ட இருக்கும்?" என்று தலைவர் கேட்டார்.

"இந்த லேப்டாப்புலயே இருக்கும் சார். எதுக்கும் ஒரு பென் டிரைவ்ல காப்பி போட்டு பீரோவுல வெச்சிடுங்க."

"ஒரே எடத்துலயா? நம்ப ஊரு கோயில் உண்டியலுக்கு எத்தினி பூட்டு தெரியுமா? மூணு. மூணு சாவி, மூணு பேருகிட்ட. மூணு பேரும் நேர்ல வந்தாதான் உண்டியல் தெறக்கும். சாமி காசுக்கே அவ்ளோ கட்டுன்னா, ஏரிக்கு?"

"மூணு பேருக்கு மூணு தனிச் சாவி பண்ணலாம் சார். மூணையும் பெட்டியில ஏத்திடறேன். யாரு இருக்காங்களோ அவங்க தெறக்கலாம்."

"யாரு வேணா தெறக்கறதுக்கு எதுக்குமா சாவி?"

இந்தக் கேள்வியை நான் அப்படியே தீர்மானப் புத்தகத்தில் ஏற்றினேன். எனவே ஒரே திறவுகோலை மூன்று பங்காக்க, அதைப் பிரின்டரில் அடித்தோம். நூற்று எழுபத்தெட்டு வரி. வரிக்கு எழுபது எழுத்து. அத்தனையும் அர்த்தமே இல்லாத எழுத்து. முப்பது ஆண்டு பத்திரம் எழுதியவன் நான், இவ்வளவு நேர்த்தியாக ஒன்றும் புரியாத ஆவணத்தை நானே எழுதியதில்லை. மூன்று தாளாக வந்தது. புது ஆவணத்துக்குச் செய்யும் முறைப்படி, முதல் தாளின் நான்கு மூலையிலும் என் கட்டைவிரலால் மஞ்சள் வைத்து, மேலே குங்குமமும் வைத்தேன்.

தலைப்பு வரி இருந்த முதல் தாளைத் தலைவர் எடுத்துக்கொண்டார். முடிவு வரி இருந்த மூன்றாம் தாள் எனக்கு. நடுத்தாள் சொல்தாவுக்கு. "தலையும் இல்லாம வாலும் இல்லாம இன்னாப்பா குடுக்கறீங்க" என்று அவர் குறைப்பட்டார். நடுப்பகுதிதான் வயிறு என்று எடுத்துச் சொன்னோம். மூன்றும் அங்கேயே லேமினேட் செய்யப்பட்டன. ஒருவர் பங்கை மற்றவர் பார்க்கக் கூடாது, மூவரும் கூடும் நாளில்தான் வெளியே எடுக்க வேண்டும், படம் பிடிக்கக் கூடாது, படி எடுக்கக் கூடாது என்று ஏழு விதிகள் எழுதினேன். லேப்டாப்பில் இருக்கும் மூலத்தை அழித்துவிட வேண்டும் என்பது எட்டாம் விதி.

"சார், தயவுசெஞ்சி வாணாம். அது ஒண்ணுதான் சாவி. இது வெறும் பேப்பரு."

"உண்டியலுக்கு நாலாவது சாவின்னு ஒண்ணு உண்டாம்மா?"

அவர் அழிக்க மறுத்துவிட்டார். தலைவரே அழித்தார். குப்பைத் தொட்டியையும் காலி செய்தார். அதற்கும் புகைப்படம் உண்டு.

பிறகு சாப்பாடு. வடை, பாயசம், அப்பளத்தோடு. பந்தியில்தான் வினோதினி, மின்சாரம் போனால் மோட்டார் இல்லாமலும் கதவைத் தூக்க, பழைய கைப்பிடியைச் செருகும் ஓட்டை ஒன்று பக்கவாட்டில் இருக்கிறது என்று சொன்னார். பதினாறாயிரம் பிட் பாதுகாப்புப் போட்ட மடையில் ஓட்டையா? மறுநாளே வெல்டிங் வைத்து அடைத்துவிட்டோம்.

கார்த்திகை மழையும் மார்கழி மழையும் தாராளமாகப் பெய்து ஏரி கடல்போல நின்றது. மார்கழி கடைசியோடு மழை நின்றது. தை மூன்றாம் நாள் காலையில் உமையாள் வந்தாள்.

கடைமடையில் இரண்டு காணி நெல் வைத்திருப்பவள் உமையாள். மற்றவர்கள் நிலத்தில் போர்வெல் இருக்கிறது. அவள் நிலத்தில் போர் போட்டால் உப்புத்தண்ணீர்தான் வரும். மடையைத் தவிர அவளுக்கு வேறு வழி கிடையாது. சேற்றுக் காலோடு மண்டப வாசலில் நின்றாள்.

"தலைவரே, பயிரு தொண்டைக்கதிர்ல நிக்குது. கழனி வெடிப்பு வுடுது. அஞ்சாறு நாளுக்குள்ள தண்ணி ஏறலன்னா கதிரு வெளிய வராது. வந்தாலும் பதருதான்."

"கவலையே படாத. இதுக்குத்தான சாவி பண்ணியிருக்கோம்."

"பண்ணீங்க. தெறங்க."

"மூணுல ஒண்ணு பிரான்சுல கீது."

சொல்தா, மகளின் பிரசவத்துக்காக மார்கழியிலேயே பாரீசுக்குப் பக்கத்தில் ஓர் ஊருக்குப் போய்விட்டார். விதிகளை மதிப்பவர் என்பதால் நடுத்தாளைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

உமையாள் விரல் விட்டு எண்ணினாள். "மூணுல ரெண்டு பங்கு இருக்குதுல்ல? அதுக்கு ரெண்டு பங்கு கதவாவது தெறக்காதா?"

பத்திரம் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அந்த வாதம் நியாயமாகவே பட்டது. போனில் வினோதினியைக் கேட்டேன். தெறக்காது என்றார். பிறகு ஏதோ சொன்னார். அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத முடியாது.

"அவர போட்டோ புடிச்சி அனுப்பச் சொல்லுங்க" என்றாள் உமையாள்.

தலைவர் எழுந்துவிட்டார். "இன்னா சொன்ன? ஏரிச் சாவிய வாட்சப்புலயா? அஞ்சாவது விதி இன்னா, நவநீதன்?"

"படம் பிடிக்கக் கூடாது."

"கேட்டுக்கினியா?"

அவசரக் கூட்டம் கூட்டினோம். அவசரக் கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பது விதி. ஆறாம் நாள் கூடியபோது, வாயால் சொல்வது படமும் ஆகாது, படியும் ஆகாது என்று நான் ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன். என் தொழில் வாழ்க்கையில் நான் பெருமைப்படும் விளக்கங்களில் அதுவும் ஒன்று. சொல்தா வீடியோ காலில் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல வேண்டும். நான் எழுத வேண்டும். ஐம்பத்தொன்பது வரி. நாலாயிரத்துச் சொச்சம் எழுத்து.

நான்கு நாள் எழுதினேன். கம்பளிக் குல்லாவோடு அவர் போனில் தெரிவார். பின்னால் ஜன்னலில் பனி கொட்டும். "பெரிய க்யூ. சின்ன எக்ஸ். ஒரு கூட்டல் குறி. இருப்பா, கண்ணாடி தொடைச்சிக்கறேன்." உமையாள் என் மேசைக்கு எதிரே, தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு வரி முடியும்போதும் ஒரு விரல் மடக்குவாள்.

முப்பத்திரண்டாம் வரியில் சொல்தா திடீரென்று எழுந்து ஓடினார். திரையில் வெறும் நாற்காலி. ஒரு பகல் முழுக்க அந்த நாற்காலிதான். மறுநாள் சிரித்த முகத்தோடு வந்தார்.

"ஐயா, பேரனா பேத்தியா?" என்று தரையிலிருந்து கேட்டாள் உமையாள்.

"பேத்திம்மா! மூணு கிலோ இருநூறு!"

"நல்லா இருக்கட்டும். முப்பத்திரெண்டாவது வரி சொல்லுங்க."

தை பத்தாம் நாள் நடுப்பகுதி முடிந்தது. முன்பே அறிவித்திருந்தபடி அன்றே கூட்டம் கூடியது. வினோதினி வந்தார். நான் என் பங்கை எடுத்து வைத்தேன். சொல்தாவின் பங்கு என் கையெழுத்தில் இருந்தது. அதற்கு அவர் போனில் கைகூப்பி ஒப்புதல் தந்தார். கடைசியாகத் தலைவர் பட்டுத்துணிப் பொட்டலத்தைப் பிரித்து முதல் தாளை எடுத்தார். லேமினேட் செய்த பிறகு விதிப்படி அதை எவரும் பார்த்ததில்லை.

வினோதினி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மெதுவாகக் கேட்டார்: "சார், இந்த மூலையில இன்னா இது?"

"மஞ்சா. மங்கலத்துக்கு."

மேல் மூலைகளில் சேதம் இல்லை. கீழ் மூலைகள் இரண்டிலும் ஈர மஞ்சள் பரவி, அச்சு மை கரைந்து, அதன்மேல் லேமினேஷன் ஒட்டி, மூன்றும் மூன்றும் ஆறு எழுத்து முழுதாக மறைந்துவிட்டன. என் கட்டைவிரல் சற்று அகலம்.

"ஆறே எழுத்துதான?" என்றார் தலைவர். "ஏதாவது போட்டுப் பாரு. அப்படி எத்தினி வகை வந்துடப் போவுது?"

வினோதினி போனில் கணக்குப் போட்டார். "ஆறாயிரத்து எண்ணூத்தி எழுபது கோடி, சார்."

கூட்டத்தில் ஒரு வியப்பொலி எழுந்தது. அவ்வளவு கோடி சம்பந்தப்பட்ட எதுவும் அதற்கு முன் எங்கள் ஊரில் நடந்ததில்லை. தலைவர்கூட ஒரு கணம் நெஞ்சை நிமிர்த்தினார்.

"புதுச் சாவி பண்ணிக்கலாம்" என்றேன் நான்.

"பண்ணலாம். மூணு செகண்டு. ஆனா பெட்டியில ஏத்தணும்னா மேலிடத்துக்கு மனு போடணும். பதினஞ்சு வேலை நாளு. பழைய சாவிய ஒப்படைச்சதுக்கு ரசீது வெக்கணும்."

"ஒப்படைக்கலாமே."

"முழுசா ஒப்படைக்கணும் சார்."

உமையாள் எழுந்தாள். ஒரு வாரத்தில் அவள் முகம் கறுத்து ஒடுங்கியிருந்தது. தலைவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. வினோதினியிடம் போனாள்.

"பாப்பா, அந்தக் கதவு எதுலம்மா நிக்குது?"

வினோதினி எங்கள் மூவரையும் ஒரு முறை பார்த்தார், மூன்றாமவரைப் போனில். "மேல ஒரு கம்பியில தொங்குதுக்கா. கம்பிய நாலு போல்ட்டு புடிச்சிருக்கு."

"எத்தினாம் நம்பரு ஸ்பேனரு?"

"இருபத்திநாலு."

"டிராக்டரு பெட்டியில இருக்கும்" என்று சொல்லிவிட்டு உமையாள் வெளியே போனாள்.

"எதுக்கும்மா சொன்ன?" என்று தலைவர் சீறினார்.

"கேட்டாங்க, சொன்னேன். ஸ்பேனரு நம்பருக்கு நீங்க விதி எழுதலியே சார்."

மறுநாள், பதினோராம் நாள், பட்டப்பகலில், ஊரே கரையில் நின்று பார்க்க, உமையாள் நான்கு போல்ட்டையும் கழற்றினாள். ஊரில் டிராக்டர் ஓட்டும் அரிகரன் அதில் கயிறு கட்டிக் கதவை இழுத்தான். கதவு ஒரு பக்கம் சாய்ந்து மேலே வந்தது. சாம்பல் நிறப் பெட்டி கடைசிவரை பச்சை விளக்கு எரிய, 'மடை பாதுகாப்பாக மூடியிருக்கிறது' என்று லேப்டாப்புக்குத் தகவல் அனுப்பிக்கொண்டே இருந்தது. தண்ணீர் வாய்க்காலில் இறங்கி, கடைமடைப் பக்கம் நுரைத்துக்கொண்டு ஓடியது. கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். திறவுகோல் உற்பத்தியின்போது கேட்ட கைதட்டலைவிட இது பலமாக இருந்தது என்பதை நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

சங்கம் சும்மா இருக்குமா? போலீசில் புகார் கொடுத்தோம். புகாரை நான்தான் எழுதினேன், நான்கு பக்கம். சப்-இன்ஸ்பெக்டர் பொறுமையாகப் படித்தார்.

"சாவி திருடு போயிடுச்சா?"

"இல்ல சார். பத்திரமா இருக்கு" என்றார் தலைவர்.

"யாராவது உடைச்சாங்களா?"

"உடைக்க முடியாது சார். பதினாறாயிரம் பிட்."

"அந்தச் சாவியால நீங்க தெறந்தீங்களா?"

"எங்களாலயும் தெறக்க முடியாது சார்."

அவர் புகாரை மடித்து எங்களிடமே கொடுத்து, டீ சாப்பிட்டுப் போகச் சொன்னார்.

மாசியில் அறுவடை முடிந்து பொதுக்குழு கூடியது. திறவுகோல் பாதுகாப்பில் நாட்டுக்கே எடுத்துக்காட்டாக விளங்கியதற்காகச் சங்கம் தனக்குத் தானே பாராட்டுத் தெரிவித்துக்கொள்ளும் தீர்மானத்தை நான் வாசித்தேன். எட்டு நாள், பகைவரோ நண்பரோ நிர்வாகிகளோ எவருமே அந்தத் திறவுகோலை வெல்ல முடியவில்லை என்ற வரிக்குத் தலைவர் தலையாட்டினார். அடுத்து, உறுப்பினர் உமையாளைக் கண்டிக்கும் தீர்மானம். அதை வாசிக்கத் தொடங்கியபோது அவள் எழுந்து நின்றாள்.

"மேல் காணி பொழைச்சிக்கிச்சி. கீழ் காணி பூராவும் பதரு. தூத்தினா காத்துல பூடுது, மாடுகூட மோந்து பாக்கல. கண்டிங்க, நா ஒண்ணும் சொல்லல. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கறேன். சாவி வெச்சிக்கினு இருந்தீங்களே மூணு பேரு, ஒங்குளுக்கு எத்தினி காணி போச்சி?"

தலைவர் தம் முன்னிருந்த தாளைப் புரட்டிப் பார்த்தார். "அந்தக் கேள்வி நிகழ்ச்சி நிரல்ல இல்லம்மா" என்றார். நான் பேனாவை மூடினேன்.

தீர்மானப் புத்தகத்தில் எழுதாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன். எங்கள் மூவரில் ஒருவருக்கும் கீழ்மடைப் பாசனத்தில் ஒரு குழி நிலம் கிடையாது.